பிரிண்டருக்குக் கேபிள் போதுமா, வைஃபை வேண்டுமா?

ஒரு நாள் இரவு பத்தரை மணி. மறுநாள் காலை கொண்டுபோக வேண்டிய விண்ணப்பம், மொத்தமே நான்கு பக்கம். பிரிண்டர் என் மேசையிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது, தாள் நிறைய இருக்கிறது. கணினித் திரையோ ‘ஆஃப்லைன்’ என்கிறது. கை நீட்டினால் தொடக்கூடிய பொருள் எப்படி ஆஃப்லைனாகும்? ரவுட்டரை அணைத்துப் போட்டேன், பிரிண்டரை அணைத்துப் போட்டேன், கணினியையும் அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இழுப்பறையின் அடியில் கிடந்த பழைய யூஎஸ்பி கேபிளைத் தேடியெடுத்துச் செருகினேன். இரண்டு நிமிடத்தில் நான்கு பக்கமும் வெளியே வந்துவிட்டன.

இரண்டடி தூரத்துக்கு எதற்காக வைஃபை வைத்திருந்தேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். வாங்கிய நாளில் பிரிண்டரின் திரை கேட்டது, நானும் ‘சரி’ என்று அழுத்திவிட்டேன், அவ்வளவுதான். பல வீடுகளில் இந்த முடிவு இப்படித்தான் எடுக்கப்படுகிறது. பிரிண்டர் எது வாங்குவது என்று பத்து நாள் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள்கூட, அதை எப்படி இணைப்பது என்று பத்து நிமிடம் யோசிப்பதில்லை.

வேகத்தை முதலிலேயே கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஒரு ஏ4 பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் புள்ளிகள். கறுப்பு வெள்ளையில் புள்ளிக்கு ஒரு பிட் என்றால் நாலரை எம்பிக்கும் குறைவு, அதுவும் எதையும் சுருக்காமல் அனுப்பினால். 2000-ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0-வின் ஏட்டு வேகம் நொடிக்கு 480 மெகாபிட். அதில் பாதி கிடைத்தாலும் கண் இமைப்பதற்குள் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். சுமாரான வைஃபையில் ஒன்றிரண்டு நொடி ஆகலாம். ஆனால் தாளை இழுத்து, இங்கைத் தெளித்து வெளியே தள்ளப் பிரிண்டருக்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். ஆக, பாதை எதுவானாலும் நாம் காத்திருப்பது இயந்திரத்துக்காகத்தான். ஸ்கேன் மட்டும் கொஞ்சம் வேறு. அதே 600 புள்ளியில் ஒரு பக்கத்தை வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் சுருக்காத நிலையில் நூறு எம்பியைத் தொடும். பழைய ஆல்பத்தில் உள்ள படங்களையெல்லாம் உட்கார்ந்து ஸ்கேன் செய்கிறவருக்குக் கேபிளின் வேகம் கண்ணுக்குத் தெரியும்.

சரி, வேகம் இல்லையென்றால் எதை வைத்து முடிவெடுப்பது? எத்தனை சாதனங்களிலிருந்து பிரிண்ட் எடுக்கப்போகிறோம் என்பது ஒன்று. இது எல்லாருக்கும் தோன்றும். கணினி பிரிண்டரை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது இன்னொன்று. இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் வீட்டில் நடக்கும் பிரிண்டர் சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

யூஎஸ்பி கேபிளில் கண்டுபிடிக்கும் வேலையே கிடையாது. கேபிளின் மறுமுனையில் இருப்பதுதான் பிரிண்டர். கணினிப் பக்கம் தட்டையான முனை, பிரிண்டர் பக்கம் சதுரமான முனை. டைப் சி துளை மட்டுமே உள்ள லேப்டாப் என்றால் ஒரு பக்கம் டைப் சியும் மறுபக்கம் அந்தச் சதுர முனையும் உள்ள கேபிள் கிடைக்கிறது. இடையில் அடாப்டர் எதுவும் வேண்டியதில்லை. பிரிண்டருடன் பெட்டியில் கேபிள் வரும் என்று நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் வராது. சில மாதிரிகளில் யூஎஸ்பி துளையின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி மறைத்திருப்பார்கள். வைஃபையில் இணைக்கச் சொல்லி மறைமுகமாகத் தள்ளும் வேலை அது. பிய்த்தால் துளை இருக்கும்.

கேபிளின் நீளத்துக்கு ஒரு வரம்பு உண்டு: யூஎஸ்பி 2.0-வுக்கு 5 மீட்டர். ஒரு கேபிளோடு இன்னொன்றைச் சேர்த்து அதற்கு மேல் நீட்டினால் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. பிரிண்டரை அடுத்த அறையில் வைக்க ஆசைப்பட்டு நானும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். பாதிப் பக்கத்தில் நின்றுபோன தாள்கள்தான் மிச்சம்.

இரண்டு சின்ன விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளரின் டிரைவரை, அதாவது பிரிண்டரோடு பேசக் கணினிக்குக் கற்றுத்தரும் மென்பொருளை, நிறுவுவதாக இருந்தால், திரையில் ‘இப்போது கேபிளைச் செருகுங்கள்’ என்று வரும்வரை செருகக் கூடாது. முந்திச் செருகினால் விண்டோஸ் தன்னிடம் இருக்கிற பொது டிரைவரைப் போட்டுவிடும். பிரிண்ட் வரும், ஆனால் ஸ்கேனோ இங்க் அளவோ வராமல் போகலாம். அப்புறம், பழைய பிரிண்டர் என்றால் எப்போதும் ஒரே துளையில் செருகுவது நல்லது. சில மாதிரிகளை வேறு துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதிய பிரிண்டர் என்று நினைத்து ‘நகல் 1’ என்று இரண்டாவது பெயரைச் சேர்க்கும். நாம் பழைய பெயருக்கே பிரிண்டை அனுப்பிக்கொண்டிருப்போம். ஒரு பக்கமும் வராது.

கேபிளின் குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. அது ஒரு கணினிக்கு மட்டும். இன்றைக்கு வீட்டில் பிரிண்ட் எடுக்க வேண்டியவற்றில் பாதி செல்பேசியில்தான் வந்து சேர்கிறது. கேபிள் மட்டும் இருந்தால், “இதை எனக்கு அனுப்பு, நான் எடுத்துத் தருகிறேன்” என்று கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்கே குமாஸ்தாவாகிவிடுவார்.

வைஃபை அந்தக் குமாஸ்தா வேலையிலிருந்து விடுதலை தருகிறது. அதற்காகவே அதைப் பாராட்டலாம். 2010 நவம்பரில் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 4.2-வுடன் ஏர்பிரிண்ட்டைக் கொண்டுவந்தது. டிரைவர் எதுவும் போடாமல் போனிலிருந்து நேரே பிரிண்ட் எடுக்கலாம் என்பது அன்றைக்கு வியப்பு. 2013-இல் கேனன், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய மோப்ரியா கூட்டமைப்பு ஆண்ட்ராய்டு பக்கம் அதே வேலையைச் செய்தது. இவற்றில் ஒன்றின் பெயராவது பெட்டியின் மேல் இருந்தால் பாதிக் கவலை விட்டது. போனும் பிரிண்டரும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், தாமாகவே ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

‘ஒரே வைஃபை’ என்று சொல்வது எளிது. வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால், அந்தப் பெயர் பிரிண்டரின் பட்டியலிலேயே வராது. பிரிண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, 2.4 பெயரில் இணைத்துவிட வேண்டியதுதான். கணினி 5-இல் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் ஒரே ரவுட்டரின் பிள்ளைகள், பேசிக்கொள்ளும். ஆனால் விருந்தினருக்கென்று தனியாக வைத்திருக்கும் வைஃபையில் பிரிண்டரைச் சேர்த்துவிட்டால் பேசாது. அந்த வலையில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி வேண்டுமென்றே சுவர் வைத்திருப்பார்கள். அதேபோல, ரவுட்டரின் பாதுகாப்பை டபிள்யூபிஏ3 என்ற புதிய முறை மட்டும் என்று மாற்றினால் பழைய பிரிண்டர் உள்ளே வர முடியாமல் வாசலில் நிற்கும். அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-வும் கலந்த முறைக்கு மாற்ற வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒருமுறை சரிசெய்துவிட்டால் முடிந்தது. முடியாத தொல்லை அந்த ‘ஆஃப்லைன்’தான். என் நான்கு பக்க விண்ணப்பத்தின் இரவில் நடந்தது என்னவென்று பிறகு ஆற அமரப் பார்த்ததில் தெரிந்தது. ரவுட்டர் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு ஐபி முகவரியைத் தருகிறது. தானமாக இல்லை, வாடகைக்கு. காலம் முடிந்தாலோ ரவுட்டர் அணைந்து எழுந்தாலோ வேறு முகவரி கிடைக்கக்கூடும். பிரிண்டர் புது முகவரிக்குக் குடிபோய்விட்டது, விண்டோஸ் பழைய முகவரியின் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. கதவு திறக்காததால் ‘ஆஃப்லைன்’ என்று எழுதிப் போட்டுவிட்டது. என் போனை எடுத்து முயன்றிருந்தால் அதே நேரத்தில் பிரிண்ட் வந்திருக்கும். போனும் மேக்கும் முகவரியை நினைவில் வைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தேடுகின்றன. அன்றைக்குப் போன் பக்கத்திலேயே இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்.

இதற்கு மருந்து உண்டு, பத்து நிமிட வேலை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘முகவரி ஒதுக்கீடு’ என்ற வசதி இருக்கும். அதில் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, இந்த முகவரி இவருக்கு மட்டும் என்று எழுதிவைத்துவிட வேண்டும். அடுத்து விண்டோஸில் பிரிண்டரைச் சேர்க்கும்போது தானாகத் தேடிக் கண்டதை எடுத்துக்கொள்ளாமல், ‘ஐபி முகவரி மூலம் சேர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த முகவரியைக் கொடுக்க வேண்டும். தானாகத் தேடும்போது விண்டோஸ் பல நேரம் டபிள்யூஎஸ்டி என்ற போர்ட்டை, அதாவது பிரிண்டரை அடையும் வழியை, அமைக்கிறது. ‘ஆஃப்லைன்’ புகார்களில் அந்தப் பெயர் அடிக்கடி வரும். முகவரியைக் கொடுத்தால் ‘ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி’ போர்ட் அமையும், அது சாது. அதன் பிறகும் ஆஃப்லைன் என்று வந்தால், போர்ட்டின் அமைப்பில் ‘எஸ்என்எம்பி நிலை’ என்று ஒரு டிக் பெட்டி இருக்கும், அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். நலமா என்று கணினி கேட்கும் கேள்விக்குப் பிரிண்டர் பதில் சொல்லாவிட்டால், ஆளே இல்லை என்று முடிவுகட்டுகிற பழக்கம் அந்த டிக்கினால் வருவது.

இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்க மனமில்லாதவர், கணினி ஒன்றே ஒன்று, அதுவும் விண்டோஸ் என்றால், கேபிளோடு இருந்துவிடுவதே நல்லது என்பது என் கட்சி.

இன்னொன்றும் வைஃபை பக்கம் சொல்ல வேண்டும். சில மாதிரிகள் கணக்கு ஒன்றைத் தொடங்கச் சொல்லி, இணையத்தோடு எப்போதும் இணைந்திருந்தால்தான் பிரிண்ட் தருவேன் என்கின்றன. இணையம் போன நாளில் வீட்டுக்குள்ளேயே பிரிண்ட் எடுக்க முடியாது. வாங்கும் முன் பெட்டியின் மேல் உள்ள பொடி எழுத்தைப் படிப்பது இந்த ஒரு காரணத்துக்காகவே தகும். தயாரிப்பாளரின் சர்வர் வழியாக எங்கிருந்தும் பிரிண்ட் எடுக்கும் சேவைகளையும் அளவோடுதான் நம்புவேன். கூகுள் கிளவுட் பிரிண்ட்டை நம்பி அமைத்தவர்கள் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அது கூகுள் நடத்திய சேவை, சின்ன நிறுவனம் கூட இல்லை.

இனி, யாரும் பேசாத ஒரு வழி. பிரிண்டரின் முதுகில் ஈத்தர்நெட் துளை இருந்தால், நெட்வொர்க் கேபிளால் அதை ரவுட்டரில் செருகிவிடுங்கள். கணினியில் அல்ல, ரவுட்டரில். கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். கடவுச்சொல் கிடையாது, அலை கிடையாது, பக்கத்து வீட்டு வைஃபையின் இரைச்சல் கிடையாது. ஆனாலும் வீட்டில் உள்ள எல்லாக் கணினிகளுக்கும் போன்களுக்கும் பிரிண்டர் தெரியும், ஏனென்றால் அவை வைஃபையில் இருக்கும் ரவுட்டர்தான் இதற்கும் ரவுட்டர். கேபிளின் உறுதியும் வைஃபையின் பொதுவுடைமையும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. முகவரி ஒதுக்கீட்டை மட்டும் இங்கும் செய்துவிட வேண்டும். வைஃபையில் வாங்கியிருந்த முகவரி இங்கே தொடராது, நெட்வொர்க் கேபிளுக்குத் தனி அடையாளம். பல மாதிரிகளில் இதைச் செருகியதும் வைஃபை தானாக அணைந்துவிடும், சிலவற்றில் மெனுவில் போய் மாற்ற வேண்டியிருக்கும்.

குறை என்னவென்றால் மலிவான இங்க்ஜெட்களில் இந்தத் துளையே இருப்பதில்லை. லேசர் பிரிண்டர்களில் கொஞ்சம் விலை கூடிய மாதிரிகளில் பார்க்கலாம். ரவுட்டர் இருக்கும் இடத்தில் பிரிண்டருக்கும் இடம் வேண்டும். வரவேற்பறையில் ரவுட்டர் இருக்கிற வீட்டில், அதன் பக்கத்தில் பிரிண்டரை வைக்க எல்லாரும் ஒப்புக்கொள்வார்களா என்பது உங்கள் வீட்டு அரசியல். ஒப்புக்கொண்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

வைஃபை டைரக்ட் என்று ஒன்று பிரிண்டரில் தெரியும். பிரிண்டரே ஒரு சிறிய வைஃபையை உண்டாக்கிக்கொள்ளும், நாம் அதில் நேரே சேர வேண்டும். ரவுட்டர் இல்லாத இடத்துக்கும் ஒருநாள் வந்துபோகும் விருந்தாளியின் போனுக்கும் நல்ல வசதி. வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக் கொடுக்காமலே அவர் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு போகலாம். அன்றாடத்துக்குச் சரிப்படாது. கணினியை அதில் சேர்த்தால் பெரும்பாலும் இணையம் அறுந்துபோகும், ஒவ்வொரு முறையும் மாறி மாறிச் சேர்ந்துகொண்டிருக்க வேண்டும். புளூடூத்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ரசீது, லேபிள், சின்னப் புகைப்படம் அடிக்கும் கையடக்கப் பிரிண்டர்களோடு அதன் எல்லை முடிந்துவிடுகிறது.

கேபிள் மட்டுமே தெரிந்த பழைய பிரிண்டர் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் வீட்டில் நான்கு பேர் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? புதிது வாங்க ஓடுவதற்கு முன் பார்க்க மூன்று வழிகள் இருக்கின்றன.

கேபிள் செருகியிருக்கும் கணினியிலிருந்தே பிரிண்டரை மற்றவர்களுக்குப் பகிரலாம். செலவில்லாத வழி. அந்தக் கணினி எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்பது இதன் சாபம். பகல் முழுவதும் ஓடும் மேசைக் கணினி என்றால் சரி, மூடி வைக்கும் லேப்டாப் என்றால் வேண்டாம். 2021-இல் விண்டோஸின் பிரிண்ட் சேவையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. அதை அடைக்க வந்த புதுப்பிப்புகளுக்குப் பிறகு பகிர்ந்த பிரிண்டர்களை இணைப்பது முன்னைவிடக் கடினமாகிவிட்டது, நிர்வாகி அனுமதி கேட்கும். காரணம் தெரியாமல் அன்று தலையைச் சொறிந்தவர்கள் நிறையப் பேர்.

ரவுட்டரின் பின்னால் யூஎஸ்பி துளை இருந்தால் அதில் பிரிண்டரைச் செருகலாம் என்பது இரண்டாவது. எல்லா ரவுட்டரும் இதற்கு ஒத்துவராது. ஒத்துவந்தாலும் பிரிண்ட் மட்டும்தான் வரும் என்று எதிர்பாருங்கள். ஸ்கேன், இங்க் அளவு போன்ற திரும்பி வரும் தகவல்கள் பெரும்பாலும் அந்தப் பாதையில் தொலைந்துபோகும்.

மூன்றாவதை நான் ரசித்துச் செய்தேன், ஆனால் எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். ராஸ்பெர்ரி பை போன்ற கையகலக் கணினியில் லினக்ஸைப் போட்டு, கப்ஸ் என்ற பிரிண்ட் மென்பொருளை நிறுவி, பழைய பிரிண்டரை அதில் செருகிவிடுவது. கப்ஸ் 1999-இல் வெளிவந்தது, ஆப்பிள் தன் மேக்கிலும் அதையே பயன்படுத்துகிறது. இப்படிச் செய்தால் ஏர்பிரிண்ட் என்ற சொல்லே பிறக்காத காலத்துப் பிரிண்டருக்கும் ஐபோனிலிருந்து பிரிண்ட் அனுப்பலாம். இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். முன்கூட்டியே பார்க்க வேண்டியது, அந்தப் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்பது. இல்லையென்றால் ஞாயிறோடு முடியாது.

டிரைவர் என்றதும் ஒன்று. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், தயாரிப்பாளர்களின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. இனி எல்லாம் ஐபிபி என்ற பொது மொழியில் பேசும் திசையில்தான் போகிறது. ஆகவே புதிதாக வாங்குகிறவர், கேபிளில்தான் இணைக்கப்போகிறேன் என்றாலும் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா உள்ள மாதிரியாகப் பார்த்து வாங்குவது நல்லது. நெட்வொர்க்கில் இணைத்தால் டிரைவர் இல்லாமலே ஓடும், பல மாதிரிகளில் யூஎஸ்பி கேபிள் வழியாகவும் அதே மொழி பேசும். பத்து வருடம் கழித்துத் தயாரிப்பாளர் அந்த மாதிரியை மறந்துவிட்டாலும் பிரிண்டர் ஊமையாகாது.

நெட்வொர்க்கில் பிரிண்டரை வைப்பவர் செய்யக் கூடாத ஒன்று, வெளியிலிருந்து பிரிண்ட் எடுக்கலாமே என்று ரவுட்டரில் அதற்கு வழி திறந்துவிடுவது. 2018-இன் இறுதியில், பிரிண்ட் வேலைகளை வாங்கும் வாசலான 9100 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைத்திருந்த ஆயிரக்கணக்கான பிரிண்டர்களில் ஒரு யூடியூப் சானலுக்கு ஆதரவு கேட்கும் தாள் தானாக அச்சாகி விழுந்தது. கெட்ட எண்ணம் குறைந்த குறும்பு அது. அந்த வழியாக வருகிறவர்கள் எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள். பிரிண்டரின் சொந்த அமைப்புப் பக்கத்துக்கு வரும்போதே இருக்கும் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

எங்கள் வீட்டுப் பிரிண்டரில் ஈத்தர்நெட் துளை இல்லை. இருந்திருந்தால் இத்தனையும் எழுதியிருக்க மாட்டேன். மூன்று போன், இரண்டு கணினி என்பதால் வைஃபையில்தான் வைத்திருக்கிறேன், முகவரியை ஒதுக்கிவிட்டேன். அன்றைக்குக் காப்பாற்றிய யூஎஸ்பி கேபிளையும் பிரிண்டரின் முதுகிலிருந்து கழற்றவில்லை, இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க இந்த மாதிரி அனுமதிக்கிறது. மறுமுனை மேசை ஓரத்தில் ஒரு கிளிப்பில் தொங்குகிறது. இதுவரை மூன்று முறை அதை எடுத்துச் செருகியிருக்கிறேன். அதில் ஒருமுறை பிரிண்டரில் தாளே இல்லை.